சிறுநீரகத்துக்கு எதற்கு இரண்டு பெயர்?

ஒரே நோயாளியின் கோப்பைப் புரட்டினால் போதும். ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘ரீனல் ஃபங்ஷன் டெஸ்ட்’ என்று இருக்கும். போய்ப் பார்க்க வேண்டியவர் நெஃப்ராலஜிஸ்ட். ஸ்கேன் அறிக்கை ‘ரீனல் ஆர்ட்டரி’யைப் பற்றிப் பேசும். கல் இருந்தால் ஒரு பக்கத்தில் ‘ரீனல் கால்குலஸ்’, மறுபக்கத்தில் ‘நெஃப்ரோலித்தியாசிஸ்’. சிறுநீர் தேங்கி வீங்கியிருந்தால் ‘ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’. வெட்டியெடுத்தால் ‘நெஃப்ரெக்டமி’. வேறொருவருடையதை வாங்கிப் பொருத்தினால் மறுபடியும் ‘ரீனல் டிரான்ஸ்பிளான்ட்’. உறுப்பு என்னவோ ஒன்றுதான். பெயர் மட்டும் தறியில் ஓடும் நாடா போல இரண்டு கரைகளுக்கும் போய்வந்துகொண்டே இருக்கிறது.

ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: ‘ரென்’ லத்தீன், ‘நெஃப்ரோஸ்’ கிரேக்கம். உண்மைதான், ஆனால் இது பதிலாகாது. இரண்டு சொற்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்கிறதே தவிர, எந்த இடத்தில் எது வரும் என்று சொல்வதில்லை. ‘ரீனைட்டிஸ்’ என்று ஒரு நோய் ஏன் இல்லை? ‘நெஃப்ரிக் ஃபெயிலியர்’ என்று ஏன் யாரும் எழுதுவதில்லை? தற்செயலாக அமைந்ததென்றால் இந்த ஒழுங்கு வந்திருக்காது. மருத்துவம், செவிலியர் பணி, மெடிக்கல் கோடிங் என்று எதைப் படிக்கப் போனாலும் முதல் மாதத்தில் கையில் ஒரு வேர்ச்சொல் பட்டியலைத் திணித்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் ரென், நெஃப்ரோஸ் இரண்டுக்கும் நேரே ‘சிறுநீரகம்’ என்று ஒரே பொருள் போட்டிருக்கும். சொற்கள் இருக்கும், அவற்றை நடத்தும் இலக்கணம் இருக்காது. பட்டியலின் கோளாறு அங்கேதான் என்பது என் கருத்து.

இடம் லத்தீன், இடர் கிரேக்கம்

முதலில் தோன்றும் விளக்கம் வரலாற்றிலிருந்து வருகிறது. பழைய ரோமில் வைத்தியம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கிரேக்கர்கள். ஹிப்பாக்கிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்கள் கிரேக்க மொழியில் இருந்தன. புகழ்பெற்ற மருத்துவர் கேலன் ரோமில் வாழ்ந்தாலும் கிரேக்க மொழியில்தான் எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டில் லத்தீனில் மருத்துவம் எழுத உட்கார்ந்த செல்சஸ் என்ன செய்தார் என்றால், உறுப்புகளுக்கு வீட்டில் புழங்கும் லத்தீன் சொற்களையே போட்டுக்கொண்டார். நோய்கள் என்று வரும்போது ‘கிரேக்கர்கள் இதை இப்படி அழைக்கிறார்கள்’ என்று சொல்லிக் கிரேக்கப் பெயரை அப்படியே கொடுத்தார். உடம்பு உள்ளூர்க்காரன், நோயின் பெயர் வெளியூர்க்காரன் என்ற இந்தப் பாகப்பிரிவினை அத்தனை பழையது.

பிறகு உடற்கூறியல் முழுவதுமாக லத்தீன் கைக்குப் போயிற்று. 1543இல் சுவிட்சர்லாந்தின் பாசெலில் அச்சான, உடற்கூறியலாளர் வெசாலியஸின் பெரும் நூல் லத்தீனில் இருந்தது. அடுத்த 3 நூற்றாண்டுகளில் ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்ததில், ஏறத்தாழ 5,000 உறுப்புப் பகுதிகளுக்குச் சுமார் 50,000 பெயர்கள் சேர்ந்துவிட்டன. 1895இல் அதே பாசெலில் கூடி அந்தக் குவியலைச் சலித்து ஒரு லத்தீன் பட்டியலை ஏற்றுக்கொண்டார்கள். அதன் இன்றைய வாரிசு 1998இல் முதலில் வெளியான ‘டெர்மினோலஜியா அனட்டோமிகா’. ஆக, உடம்பின் வரைபடத்தில் ஊர்ப் பெயர்கள் லத்தீன், அந்த ஊர்களில் நடக்கும் அசம்பாவிதங்களுக்குப் பெயர் கிரேக்கம்.

இதை வைத்துக்கொண்டு பார்த்தால் பாதிக் கலைச்சொற்கள் வரிசையில் வந்து நின்றுவிடும். கருப்பைக்குப் போகும் தமனி யூட்டெரைன், கருப்பையை எடுத்தால் ஹிஸ்டெரெக்டமி. மார்புச் சுரப்பி மம்மரி, அதன் அழற்சி மாஸ்டைட்டிஸ். சிரை ரத்தம் வீனஸ், சிரை அழற்சி ஃபிளெபைட்டிஸ். விரை முறுக்கிக்கொண்டால் டெஸ்டிகுலர் டார்ஷன், அழற்சி கண்டால் ஆர்க்கைட்டிஸ். சிறுநீர்ப்பை வெசிகல், அதன் அழற்சி சிஸ்டைட்டிஸ். முன்னொட்டுகளுக்கும் இதே ஜோடிப் பொருத்தம்தான்: லத்தீனின் ‘சப்’ கிரேக்கத்தில் ‘ஹைப்போ’. அதனால் ‘சப்கியூட்டேனியஸ்’ ஊசியை ‘ஹைப்போடெர்மிக்’ சிரிஞ்சால் போடுகிறோம். இரண்டுக்கும் பொருள் ‘தோலுக்கு அடியில்’. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை சப்லிங்குவல், நாக்கை அசைக்கும் 12ஆவது மண்டை நரம்பு ஹைப்போகுளோசல். அங்கும் அதே கதைதான்.

ஆனால் கொஞ்சம் அழுத்தினால் இந்த விளக்கம் நொறுங்கிவிடுகிறது. ‘ரீனல் ஃபெயிலியர்’ இடமா, நோயா? நோய்தான், ஆனால் பெயர் லத்தீன். ரீனல் பயாப்ஸி, ரீனல் டிரான்ஸ்பிளான்ட் இரண்டும் சிகிச்சையறையில் நடப்பவை, அவையும் லத்தீன். இடம், இடர் என்ற பிரிவினை பாதி வழிதான் கூட்டிக்கொண்டு போகிறது.

ஒட்டுமா, ஒட்டாதா

மீதி வழியைத் தமிழ் தெரிந்தவர்கள் சுலபமாகக் கடந்துவிடலாம். நம் மொழியில் சொற்கள் தொகையாக ஒட்டிக்கொள்ளும்: மண்ணீரல், பித்தப்பை, குடல்வால். கிரேக்கமும் அப்படித்தான், எத்தனை பெயர்களை வேண்டுமானாலும் கோத்து ஒற்றைச் சொல்லாக்கிவிடும். லத்தீன் அந்த விஷயத்தில் கை கட்டிய மொழி. முன்னொட்டுச் சேர்க்கும், பெயரை உரிச்சொல்லாக்கும். இரண்டு பெயர்களைச் சேர்த்துப் புதுச்சொல் செய்யச் சொன்னால் திணறும்.

எனவே சரியான விதி இதுதான்: உறுப்பின் பெயர் தனிச்சொல்லாக, அடைமொழியாக முன்னால் நின்றால் லத்தீன், இன்னொன்றோடு ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டால் கிரேக்கம். ரீனல் ஃபெயிலியர் இரண்டு சொல், அதனால் லத்தீன். நெஃப்ரெக்டமி ஒற்றைச் சொல், அதனால் கிரேக்கம். நுரையீரல் தமனி அடைபடும் ‘பல்மனரி எம்பாலிசம்’ தனித்தனி, நுரையீரலை நீக்கும் ‘நியூமோனெக்டமி’ ஒன்று. ‘ஓவேரியன் சிஸ்ட்’ தனித்தனி. சூலகத்தை நீக்கும் ‘ஊஃபரெக்டமி’ ஒன்று. காரணமும் எளிது. ஐட்டிஸ் (அழற்சி), எக்டமி (நீக்கம்), ஸ்கோபி (உள்ளே பார்ப்பது), மெகலி (பெரிதாவது), பிளாஸ்டி (சீரமைப்பு) என்று ஒட்டிக்கொள்ளும் பின்னொட்டுகள் எல்லாம் கிரேக்கச் சரக்கு. கிரேக்க வாலுக்குக் கிரேக்க உடல் தேடியிருக்கிறார்கள்.

இனி, ஈரல், இரைப்பை, மண்ணீரல் ஆகிய மூன்றும் ஏன் விதிக்கு அடங்குவதில்லை என்று கேட்கலாம். ஹெபாட்டிக் ஆர்ட்டரி, கேஸ்ட்ரிக் அல்சர், ஸ்பிளெனிக் வெயின் எல்லாமே தனிச்சொற்கள், ஆனால் கிரேக்கம். இங்கே லத்தீன் சொல் தோற்று வெளியேறிவிட்டது. ஈரலுக்கு லத்தீனில் ‘யெக்கூர்’ என்றொரு சொல் இருந்தது. அத்திப்பழம் ஊட்டிக் கொழுக்க வைத்த விலங்கின் ஈரலை ‘ஃபிகாட்டும்’ என்றார்கள். ‘அத்தி ஊட்டியது’ என்ற அந்த அடைமொழியே பேச்சில் உறுப்பின் பெயராகி யெக்கூரைத் துரத்திவிட்டது. பிரெஞ்சின் ‘ஃபுவா’, இத்தாலியத்தின் ‘ஃபேகாத்தோ’ எல்லாம் அத்தியின் பேரப்பிள்ளைகள். கிரேக்க நாட்டிலேயே இன்று வீட்டில் சொல்வது ‘சிகோட்டி’, அதுவும் அத்தியிலிருந்து வந்ததுதான். ‘ஹெபார்’ மருத்துவத்தில் மட்டும் தங்கிவிட்டது. குண்டிக்காய் என்ற பழைய சொல்லைச் சிறுநீரகம் ஓரங்கட்டியது போல என்று வைத்துக்கொள்ளலாம். இரைப்பைக்கு லத்தீனில் ‘வென்ட்ரிகுலஸ்’, குட்டி வயிறு என்று பொருள். பழைய உடற்கூறு நூல்களில் இரைப்பை அந்தப் பெயரில்தான் இருக்கும். அதே பெயரை இதயத்தின் கீழறைகளும் மூளையின் உள்ளறைகளும் பங்கு கேட்டதில் இரைப்பை விட்டுக்கொடுத்துவிட்டது. மண்ணீரலின் ‘லீயென்’ பழைய புத்தகங்களில் மட்டும் தென்படுகிறது.

வால் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும்

பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் சொல்லை முன்னாலிருந்து படிக்கிறார்கள். அது தவறான முனை. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிற மாதிரி, இந்தச் சொற்களிலும் என்ன நடந்தது என்பது வாலில் இருக்கிறது. யாருக்கு நடந்தது என்பதுதான் முன்னால்.

‘டமி’ என்றால் வெட்டித் திறப்பது. ‘எக்டமி’யில் ‘எக்’ என்பது ‘வெளியே’, ஆக வெட்டி வெளியே எடுப்பது. ‘ஆஸ்டமி’யில் இருப்பது ‘ஸ்டொமா’, அதாவது வாய்: வாய் வைத்துவிடுவது. சிறுநீரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நெஃப்ரோலித்தாட்டமி என்றால் சிறுநீரகத்தைத் திறந்து கல்லை எடுத்துவிட்டு மூடுவது. நெஃப்ராஸ்டமி என்றால் முதுகுப் பக்கத் தோல் வழியாகச் சிறுநீரகத்துக்குள் குழாய் விட்டு, தேங்கிய சிறுநீரை வெளியே வடியவிடுவது. நெஃப்ரெக்டமி என்றால் சிறுநீரகமே போய்விடும். நெஃப்ரோபெக்ஸி என்றால் நழுவும் சிறுநீரகத்தை இடத்தில் பிடித்துத் தைப்பது. நெஃப்ராஸ்டமிக்கும் நெஃப்ரெக்டமிக்கும் காதில் விழும் வேறுபாடு ஓர் அசை. நோயாளிக்கோ அது ஒரு சிறுநீரகம். தொலைபேசியில் கேட்டு எழுதும்போது இந்த இரண்டையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆஸ்டமியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. முன்னால் ஒரே ஓர் உறுப்பு இருந்தால் அந்த வாய் பெரும்பாலும் தோலுக்குத் திறக்கும்: கொலாஸ்டமியில் பெருங்குடலின் வாய் வயிற்றுத் தோலில் இருக்கும். இரண்டு உறுப்புகள் இருந்தால் அவை ஒன்றுக்கொன்று வாய் வைத்துக்கொள்கின்றன: கேஸ்ட்ரோஜெஜுனாஸ்டமி என்றால் இரைப்பையை நேராக இடைச்சிறுகுடலோடு இணைத்துத் தைப்பது, வெளியே எதுவும் தெரியாது. வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபியின் முழுப்பெயர் ஈசோஃபேகோகேஸ்ட்ரோடுவோடினோஸ்கோபி. நாக்கைச் சோதிக்கும் இந்தச் சொல்லில் உறுப்புகள் குழாய் போகும் வழியிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன: உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல். சொல்லே வழித்தடம்.

வேர் ஏன் சில சமயம் அகராதியில் உள்ள வடிவில் வருவதில்லை என்பதும் பலரைக் குழப்பும். ‘ஹெபார்’ என்பதுதானே ஈரல், ஹெபாரைட்டிஸ் என்று ஏன் இல்லை? ‘மரம்’ ஐ ஏற்றால் மரமை ஆவதில்லை, மரத்தை ஆகிறது. வேற்றுமை ஏற்க ‘மரத்து’ என்றொரு வடிவம் உள்ளே காத்திருக்கிறது. கிரேக்கத்திலும் அப்படித்தான். ஆறாம் வேற்றுமையில் ஹெபார் ‘ஹெபாடோஸ்’ ஆகும், அதன் அடி ‘ஹெபாட்’. தோலைக் குறிக்கும் டெர்மா ‘டெர்மாடோஸ்’ ஆகும், ஸ்டொமா ‘ஸ்டொமாடோஸ்’ ஆகும். ஹெபடைட்டிஸ், டெர்மடைட்டிஸ், ஸ்டொமடைட்டிஸ் மூன்றிலும் இடையில் வரும் ‘ட’ அங்கிருந்து வந்தது.

இடையில் வரும் ‘ஓ’வுக்கும் கணக்கு இருக்கிறது. நாம் இரண்டு உயிர்கள் மோதும்போது உடம்படுமெய் செருகுகிறோம், அவர்கள் இரண்டு மெய்கள் மோதும்போது உயிரைச் செருகுகிறார்கள். இரைப்பையைக் குறிக்கும் கேஸ்ட்ர் என்பதோடு ஸ்கோபி சேர்ந்தால் நடுவில் ஓ வந்து கேஸ்ட்ரோஸ்கோபி. ஐட்டிஸ் உயிரில் தொடங்குவதால் ஓ தேவையில்லை, கேஸ்ட்ரைட்டிஸ். ஆனால் இரண்டு உறுப்புகளுக்கு நடுவில் மட்டும், அடுத்தது உயிரில் தொடங்கினாலும் ஓ நிலைக்கும்: இரைப்பை, குடல் இரண்டின் அழற்சியான கேஸ்ட்ரோஎன்ட்டெரைட்டிஸ். எந்த இடத்தில் ஓர் உறுப்பு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு அந்த ஓ எல்லைக்கல் மாதிரி.

1886: கலப்பு மணம்

விதி இவ்வளவு திடமாக இருக்கும்போது அதை முறித்துக்கொண்டு நடுவில் நிற்கிறது, உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு சொல்: அப்பென்டிசைட்டிஸ். ‘அப்பென்டிக்ஸ்’ சுத்தமான லத்தீன், ‘தொங்கிக்கொண்டிருப்பது’ என்று பொருள். ஐட்டிஸ் கிரேக்கம். ஒட்டினால் கிரேக்கம் என்ற விதிப்படி இது நடந்திருக்கவே கூடாது.

நடந்ததற்குக் காரணம், குடல்வாலுக்கு நிலைபெற்ற கிரேக்கப் பெயர் எதுவுமே இல்லை. கேலன் மனித உடல்களை அறுத்துப் பார்க்கவில்லை. குரங்குகளையும் பன்றிகளையும்தான் அறுத்தார். அவர் அறுத்த வகைக் குரங்குக்குக் குடல்வால் கிடையாது. இல்லாததற்கு எப்படிப் பெயர் வைப்பது? 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் உடற்கூறியலாளர் பெரெங்காரியோ டா கார்பி அதைத் தெளிவாக விவரிக்கும்போது உடற்கூறியல் லத்தீன் கைக்கு வந்திருந்தது.

வலது அடிவயிற்றில் வலி கண்டு, சீழ் கட்டி, ஆள் செத்துப்போகும் அந்த நோய்க்குப் பெயர் இல்லாமல் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அதை ‘டிஃப்ளைட்டிஸ்’, ‘பெரிடிஃப்ளைட்டிஸ்’ என்றார்கள். ‘டிஃப்லோஸ்’ என்றால் குருடு. பெருங்குடலின் தொடக்கத்தில் ஒரு பக்கம் அடைபட்ட பை போல இருக்கும் பகுதிக்கு அந்தப் பெயர். லத்தீனில் ‘சீக்கம்’, அதற்கும் குருடு என்றே பொருள். ஆக டிஃப்ளைட்டிஸ் என்பது சீக்கத்தின் அழற்சி, பெரிடிஃப்ளைட்டிஸ் என்பது அதைச் சுற்றியுள்ள பகுதியின் அழற்சி. விதிப்படி குறையே சொல்ல முடியாத கிரேக்கச் சொற்கள். ஆனால் இடம் தப்பு. கோளாறு சீக்கத்தில் தொடங்குவதாக நம்பியதால் அபினும் ஒத்தடமும் கொடுத்துக் காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் குடல்வால் உள்ளே வெடித்தது.

1886இல் அமெரிக்க நோயியலாளர் ரெஜினால்ட் ஃபிட்ஸ், இறந்தவர்களின் உடற்பரிசோதனைக் குறிப்புகளைத் திரட்டிக்காட்டி, இத்தகைய நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் குடல்வாலில்தான் இருக்கிறது, காலந்தாழ்த்தாமல் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று வாதிட்டார். அந்தக் கட்டுரையில் அவர் போட்ட பெயர்தான் அப்பென்டிசைட்டிஸ். மொழித்தூய்மைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஜெர்மானிய நூல்களில் சிறிது காலம் ‘எபிடிஃப்ளைட்டிஸ்’ என்ற சுத்தக் கிரேக்கச் சொல்கூட ஓடியது. நிற்கவில்லை. ஏனென்றால் ஃபிட்ஸின் சொல்லுக்கு மொழியழகு இல்லாவிட்டாலும், கத்தி எங்கே போக வேண்டும் என்று அது சரியாகச் சொன்னது.

பழைய சொல்லும் அத்தனை சீக்கிரம் சாகவில்லை. பிரிட்டனில் 7ஆம் எட்வர்டின் முடிசூட்டு விழா 1902 ஜூன் 26 என்று குறிக்கப்பட்டிருந்தது. இரண்டு நாள் முன்பு அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. விழா ஆகஸ்ட் 9க்குத் தள்ளிப்போயிற்று. அப்போது வெளியான மருத்துவ அறிவிப்பில் மன்னருக்கு வந்திருப்பது ‘பெரிடிஃப்ளைட்டிஸ்’ என்றே இருந்தது, ஃபிட்ஸ் எழுதி 16 ஆண்டுகள் ஆன பிறகும். அறுவை சிகிச்சை செய்த ஃபிரெடெரிக் டிரீவ்ஸ் சீழ்க்கட்டியைத் திறந்து வடித்தாரே தவிரக் குடல்வாலை எடுக்கவில்லை என்பதால், அந்தப் பழைய பெயரை ஒரேயடியாகத் தப்பென்றும் சொல்ல முடியாது. டிஃப்ளைட்டிஸ் இன்றும் ஒரு மூலையில் உயிரோடிருக்கிறது: கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்தவர்களுக்குச் சீக்கத்தில் வரும் கடுமையான அழற்சிக்கு அதுதான் பெயர். இந்த முறை இடம் சரி.

அப்பென்டிசைட்டிஸுக்கு அப்புறம் கலப்பைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. மார்பக எக்ஸ்ரேயான மம்மோகிராஃபி லத்தீனும் கிரேக்கமும் சேர்ந்த கலப்புதான், மார்பகத்தை நீக்கும் மாஸ்டெக்டமி சுத்தக் கிரேக்கம். ஒரே நோயாளிக்கு இரண்டும் ஒரே மாதத்தில் நடக்கலாம்.

பெயரில் உறைந்த தப்புகள்

வேரைத் தெரிந்துகொண்டால் உறுப்பைத் தெரிந்துகொள்ளலாம் என்று சொல்பவர்களிடம் ‘ஆர்ட்டரி’யைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பழைய கிரேக்கத்தில் ‘ஆர்ட்டீரியா’ என்பது மூச்சுக்குழாய்க்கும் வழங்கிய பெயர். பிணத்தை அறுத்தால் ரத்தம் சிரைகளில் தேங்கியிருக்கும், தமனிகள் பெரும்பாலும் காலியாக இருக்கும். அதைப் பார்த்து, தமனியில் ஓடுவது காற்று என்று முடிவு கட்டினார்கள். ஆக இரண்டுமே காற்றுக் குழாய்கள். வேறுபடுத்துவதற்காக, குருத்தெலும்பு வளையங்களால் சொரசொரப்பாக இருந்ததை ‘டிரகேயா ஆர்ட்டீரியா’, சொரசொரப்பான ஆர்ட்டீரியா என்றார்கள். உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடத்தில் கட்டி, நடுவில் கீறி, உள்ளே ரத்தம்தான் இருக்கிறது என்று கேலன் காட்டினார். தமனி பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. மூச்சுக்குழாய்க்கோ பெயர்ச்சொல் போய் அடைமொழி மட்டும் மிஞ்சியது: டிரக்கியா என்றால் இன்றைக்கும் வெறும் ‘சொரசொரப்பானது’. இமையின் உட்புறம் சொரசொரப்பாகும் டிரக்கோமாவும் அதே வேர்தான், மூச்சுக்குழாய்க்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

‘ரெக்டம்’ என்றால் நேரானது. மனித மலக்குடல் நேரானது அல்ல, வால்எலும்பின் வளைவை ஒட்டி வளைந்து போகிறது. அறுத்துப் பார்த்த விலங்குகளில் நேராக இருந்தது, பெயர் நேராகிவிட்டது. குழாய்க் கருவி செலுத்துபவர் பெயரை நம்பினால் குடலைக் கிழித்துவிடுவார். ‘டுவோடினம்’ இதற்கு நேர் எதிர். அலெக்சாண்டிரியாவில் பழைய கிரேக்க மருத்துவர் ஹெரோஃபிலஸ் ‘12 விரல்’ என்று வைத்த பெயரின் லத்தீன் வடிவம் அது. 12 விரல்களை அடுக்கினால் வரும் அகலம் அந்த உறுப்பின் நீளத்துக்கு, அதாவது சுமார் 25 செ.மீ.க்கு, ஏறக்குறைய வந்துவிடுகிறது. மூளையுறைக்குப் பெயரான ‘டியூரா மாட்டர்’ என்றால் ‘கடினமான தாய்’. 12ஆம் நூற்றாண்டில் அரபு நூலொன்றை லத்தீனாக்கியபோது, போர்த்திக் காப்பதைத் தாய் என்று சொல்லும் அரபு வழக்கு சொல்லுக்குச் சொல் அப்படியே இறங்கிவிட்டது.

எங்கே சறுக்கும்

நடைமுறையில் ஆபத்தானவை ஒரே மாதிரி ஒலித்து வேறு வேராக இருப்பவை. ‘கொரோனரி’யில் இதயம் இல்லை. இதயத்துக்கு லத்தீன் ‘கோர்’ என்பதால் அங்கிருந்து வந்ததென்று நினைப்பார்கள், ஆனால் அது ‘கொரோனா’, கிரீடம். இதயத்தைக் கிரீடம் போலச் சுற்றிப் போகும் தமனிகள் என்பதால் அந்தப் பெயர். மாறாக, ‘அக்கலேசியா கார்டியா’ என்று அறிக்கையில் பார்த்தவுடன் இதய நோய் என்று கலங்கத் தேவையில்லை. இரைப்பையின் மேல்வாய்க்கும் கார்டியா என்று பெயர். விழுங்கியது இறங்காத நோய் அது, பார்க்க வேண்டியவர் இரைப்பை, குடல் மருத்துவர்.

‘மாஸ்டாய்ட்’ காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு, ‘மார்பு வடிவிலானது’ என்று பொருள். மாஸ்டாய்டெக்டமி காது அறுவை சிகிச்சை, மாஸ்டெக்டமி மார்பகத்தை நீக்குவது. ‘நியூமோ’ சில சொற்களில் நுரையீரல், சிலவற்றில் வெறும் காற்று: நியூமோனெக்டமியில் நுரையீரல் போகிறது, நியூமோதொராக்ஸில் மார்புக்கூட்டுக்குள் காற்று புகுகிறது. ‘மையெலோ’ என்றால் உள்ளே இருக்கும் மஜ்ஜை. எலும்புக்குள் இருப்பதும் அது, முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடமும் அது. ஆஸ்டியோமையெலைட்டிஸில் எலும்பு, போலியோமையெலைட்டிஸில் தண்டுவடம். எது என்று வேர் சொல்லாது, கூட நிற்கும் சொல்தான் சொல்லும். ‘ஓமா’ என்று முடிந்தாலே புற்று என்று பதறுபவர்களுக்கு: ஹீமட்டோமா ரத்தக்கட்டு, குளுக்கோமா கண் நரம்பு பாதிக்கப்படும் நோய்.

இவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது இன்னொரு தொல்லை சேர்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இடுப்பெலும்பின் மேல்பகுதியும் ரோமன் எழுத்தில் ஓர் எழுத்தால் வேறுபடும். தமிழில் இரண்டும் ‘இலியம்’ ஆகிவிடும். முதலாவது ‘சுருளுவது’ என்ற கிரேக்கத்தோடு சேர்ந்தது, இரண்டாவது ‘விலா ஓரம்’ என்ற லத்தீன். இந்த இடத்தில் பின்சிறுகுடல், இடுப்பெலும்பு என்று எழுதிவிடுவதே பத்திரம். யூரெட்டர், யூரித்ரா இரண்டும் அப்படித்தான். சிறுநீரகத்திலிருந்து பைக்கு வருவது சிறுநீர் நாளம், பையிலிருந்து வெளியே போவது சிறுநீர்ப் புறவழி. கலைச்சொல்லாக்கம் என்றாலே கேலி செய்பவர்கள்கூட இந்த இரண்டையும் ஒருமுறை மாற்றி எழுதிப் பார்த்தால் பேச்சை மாற்றிக்கொள்வார்கள். ஓர் எழுத்துக் குளறுபடி ரோமன் எழுத்திலும் இல்லாமல் இல்லை: கெண்டைக்காலின் பெரோனியல் நரம்பு, தொடையிடுக்கின் பெரினியல் நரம்பு. குழப்பத்துக்கு இடம் கொடுக்காமல், 1998இன் டெர்மினோலஜியா அனட்டோமிகா பட்டியல் பெரோனியலை முதன்மைப் பெயராக வைக்காமல் ‘ஃபிபுலர்’ என்ற லத்தீனை முன்னுக்குக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே, கொக்கி ஊசி.

சிறுநீரகத்தின் மேலே

தொடங்கிய உறுப்புக்கே திரும்பலாம். சிறுநீரகத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் சுரப்பியை 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூறியலாளர் யூஸ்டாக்கியஸ் விவரிக்கும்வரை யாரும் பொருட்படுத்தவில்லை. 1890களின் இறுதியில் அதன் சாற்றைப் பிரித்த அமெரிக்கர் ஜான் ஜேக்கப் ஏபெல், கிரேக்கத்தில் ‘எபி’யையும் ‘நெஃப்ரோஸ்’ஐயும் சேர்த்து எபிநெஃப்ரின் என்றார். அவரிடம் இருந்தது தூய பொருள் அல்ல. 1901இல் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே தூய படிகமாகவே எடுத்து, லத்தீனில் ‘அட்’டையும் ‘ரென்’னையும் சேர்த்து அட்ரினலின் என்றார். ஜெர்மனியில் அதையே ‘சூப்பராரெனின்’ என்று விற்றார்கள். மூன்றும் சொல்வது சிறுநீரகத்தை ஒட்டி, சிறுநீரகத்தின் மேல் என்பதைத்தான். அந்தப் பொருள் என்ன செய்யும் என்று ஒன்றும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் ‘அட்ரினலின்’ பார்க்-டேவிஸ் நிறுவனத்தின் வணிகப்பெயராகிவிட்டதால் பொதுப்பெயருக்கு எபிநெஃப்ரினைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு சர்வதேச மருந்துப்பெயரும் அதுவே ஆனது. தூய பொருளை எடுத்தவர் வைத்த பெயருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. பிரிட்டன் அட்ரினலினை விடவில்லை. உயிர் போகிற அவசரத்தில் கையில் எடுக்கும் மருந்துக்குப் பெயர் மாற்றினால் யாராவது தடுமாறுவார்கள் என்ற அச்சம் நியாயமானதுதான். அங்கே மருந்துக் குப்பியின் மேல் இரண்டு பெயர்களையும் சேர்த்தே அச்சிடுகிறார்கள். எபிநெஃப்ரின் என்றே எழுதும் அமெரிக்கப் பாடநூல்களோ, அந்த மருந்து போய் ஒட்டும் ஏற்பிகளின் பெயருக்கு வரும்போது, எபிநெஃப்ரினை மறந்துவிட்டு ‘அட்ரினெர்ஜிக்’ என்கின்றன. அந்தச் சொல்லிலும் ‘ரென்’ லத்தீன், ‘எர்ஜிக்’ கிரேக்கம்.